கடைசி வரிசையில் யார்?

திருவண்ணாமலையில் ஏழு பேர் வண்டி வாங்க நினைக்கும் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறது. தவணை கட்டப் போகிற மகனுக்கு ஸ்கார்பியோ-என் மேலோ எக்ஸ்யூவி700 மேலோ கண். மருமகள் கணக்குப் பார்த்து எர்டிகா போதும் என்பார். அப்பாவுக்கு இன்னோவாவை விட்டால் உலகத்தில் வேறு வண்டியே கிடையாது. அம்மாவை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் வண்டி எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், "அம்மாவத் திருப்பதிக்குக் கூட்டிக்கினு போவணும், பெங்களூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போவணும்" என்றுதான் பதில் வரும். யார் பெயரைச் சொல்லி வண்டி வாங்குகிறார்களோ அவர் எந்த சீட்டில் உட்காருவார் என்பதை யாரும் யோசிப்பதில்லை. எம்பிவி எனும் மினிவேன் வகையா, மூன்று வரிசை எஸ்யூவியா என்ற கேள்வியை அந்த சீட்டிலிருந்து பார்த்தால்தான் விடை பிடிபடும் என்பது என் கருத்து.

இரண்டும் பிறந்த கதை வேறு. 1983 நவம்பரில் அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் டாட்ஜ் கேரவன், பிளைமவுத் வாயேஜர் என்று இரட்டை வண்டிகளை இறக்கியது. அடுத்த ஆண்டே பிரான்ஸில் ரெனோ எஸ்பாஸ் வந்தது. தாழ்ந்த தரை, பின்கோடி வரை ஒரே உயரத்தில் ஓடும் கூரை, கிறைஸ்லர் வண்டிகளில் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு: முதலில் ஆட்களை உட்காரவைத்துவிட்டு அவர்களைச் சுற்றித் தகரம் வளைத்த வண்டி அது. எஸ்யூவியோ ஜீப்பின் வாரிசு. சேறு, மேடு, பள்ளம் என்று போவதற்காக உயர்த்திக் கட்டியதில் பிற்பாடு சோபா போட்டார்கள், அதற்கும் பிற்பாடு பின்னால் மூன்றாவது வரிசையைச் செருகினார்கள். அமெரிக்காவில் மினிவேன் விற்பனை 2000 வாக்கில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு சரிந்தது. வண்டியில் குறை ஒன்றுமில்லை. பிள்ளைகளை விளையாட்டு மைதானத்தில் கொண்டுபோய் விடும் அம்மாக்களின் வண்டி என்று பெயர் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். அதே பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனதும் எஸ்யூவி வாங்கினார்கள்.

நம்மூரில் அந்த அவப்பெயர் வேறு வடிவத்தில் வந்தது. 1984இல் வந்த மாருதி ஆம்னிதான் நாம் அறிந்த முதல் மினிவேன். 796 சிசி எஞ்சினும் தள்ளு கதவும் கொண்ட அது, 2019 வரை 35 ஆண்டு ஓடியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றியது, ஆம்புலன்ஸாக ஓடியது. சினிமாக்காரர்கள் மட்டும் அதைக் கடத்தல் வண்டியாக்கிவிட்டார்கள். ஆம்னி வந்து நின்று கதவு சர்ரென்று நகர்ந்தால் கதாநாயகியைத் தூக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். 1994இல் வந்த டாடா சுமோவும் 2002இல் வந்த ஸ்கார்பியோவும் சினிமாவில் அடியாட்களை ஏற்றினாலும், அவற்றுக்குக் கெட்ட பெயர் வரவில்லை, கெத்துதான் வந்தது. ரசனைக்கு நியாயம் ஏது.

2000இல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய வண்டியின் இந்திய வடிவம். 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவை இறக்கினார்கள். அன்று முதல் தமிழ்நாட்டில் கல்யாணம், துக்கம், தேர்தல் எல்லாவற்றுக்கும் இன்னோவாதான். 2012இல் அ.தி.மு.க.வில் சேர்ந்த நாஞ்சில் சம்பத்துக்கு ஜெயலலிதா கொடுத்த இன்னோவா, அந்தப் பேச்சாளருக்கு அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. ஆனால் டிராவல்ஸ்காரர்கள் எல்லோரும் அதையே வாங்கியதால் எம்பிவி என்றாலே டாக்சி என்ற முத்திரையும் விழுந்தது. "வாடகை வண்டி மாதிரி இருக்கும்" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ நல்ல வண்டிகள் அடிபட்டுப் போயின. 2012இல் தள்ளு கதவோடு வந்த நிசான் எவாலியா, 2014இல் வந்த ஹோண்டா மொபிலியோ, 2018இல் வந்த மஹிந்திரா மராசோ என்று பட்டியல் நீளும். மராசோவின் பின் சீட்டில் போனவர்கள் இன்றும் அதைப் பாராட்டிப் பேசுவார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

இன்று தள்ளு கதவோடு முறையான மினிவேன் வேண்டுமென்றால் கியா கார்னிவல் இருக்கிறது. விலை 60 லட்சத்தை ஒட்டி. டொயோட்டா வெல்ஃபயர் அதற்கும் மேலே. கீழ்க்கோடியில் மாருதி ஈகோவுக்கும் தள்ளு கதவு உண்டு, ஆனால் பெட்டிக்கடைச் சரக்குக்கு வாங்குவதைப்போல அதைக் குடும்பத்துக்கு யாரும் வாங்குவதில்லை. ஆகவே நடுத்தர வீட்டின் முன் நிற்கிற தேர்வு சற்றுக் குறுகியது. ஒரு பக்கம் ரெனோ டிரைபர், மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், இன்னோவாவின் இரண்டு வடிவங்களான கிரிஸ்டா, ஹைகிராஸ். மறுபக்கம் ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி700, டாடா சஃபாரி, ஹூண்டாய் அல்கசார். டாக்சி என்று முகம் சுளித்தாலும் மக்கள் வாங்காமல் இல்லை. 2024-25 நிதியாண்டில் எர்டிகா மட்டும் சுமார் 1.9 லட்சம் விற்றது.

இனி அந்தக் கடைசி வரிசைக்கு வருவோம். ஷோரூமில் யாரும் அங்கே உட்கார்ந்து பார்ப்பதில்லை. விற்பனைப் பையன் முன் கதவைத் திறந்து ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்து, பெரிய திரையைத் தொட்டுக் காட்டி, கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடுவான். அதற்குள் காபி வந்துவிடும். இதை மாற்றிச் செய்ய வேண்டும். முழங்கால் வலியுள்ள அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் புடவையோடு மூன்றாவது வரிசைக்குப் போய்த் திரும்புவதைப் பாருங்கள். எர்டிகாவில் நடு சீட்டின் நெம்புகோலை இழுத்தால் சீட் சாய்ந்தபடி முன்னால் நகரும். தரை தாழ்வு என்பதால் ஒரு காலை உள்ளே வைத்து, குனிந்து, பக்கவாட்டில் நுழைந்துவிடலாம். கேரன்ஸில் மேல் வகைகளில் ஒரு பொத்தானை அமுக்கினால் நடு சீட் தானே மடங்கி வழிவிடும், யாரும் கூட நின்று இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஸ்கார்பியோ-என்னில் முதலில் படி ஏற வேண்டும். ஒரு கையால் கைப்பிடி, ஒரு கையால் கொசுவம். ஏறியபின் முதுகை வளைத்து, மடக்கிய சீட்டைத் தாண்டி, பின்சக்கர மேட்டைச் சுற்றிப் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் நிம்மதியில்லை. கீழே சட்டகம் ஓடுவதால் தரை உயர்ந்திருக்கிறது, கூரைக்கு இடம் விட வேண்டியிருப்பதால் சீட்டைத் தாழ்த்திப் போட்டிருக்கிறார்கள். தொடைக்கு ஆதாரமே இல்லாமல் முழங்கால் தூக்கி நிற்கும். திண்ணையில் குத்துக்காலிட்ட மாதிரிதான் போக வேண்டும், அதுவும் நான்கு மணி நேரம்.

கிரிஸ்டாவும் அடியில் ஏணிச் சட்டகம் கொண்ட வண்டிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதன் உடல் முழுக்க ஆட்களை உட்காரவைப்பதற்கென்றே வரைந்தது. 4,735 மி.மீ. நீளத்தில் பெரும்பகுதி பயணிகளுக்கே போகிறது. 2022 இறுதியில் வந்த ஹைகிராஸில் சட்டகமே இல்லை, முன்சக்கர ஓட்டம், இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 2,850 மி.மீ. அதனால் கடைசி வரிசையில் வளர்ந்த ஆளே உட்காரலாம். எக்ஸ்யூவி700, சஃபாரி, அல்கசார் மூன்றும் சட்டகமில்லாதவைதான். அவற்றின் மூன்றாவது வரிசை ஸ்கார்பியோவைவிடத் தேவலாம். இருந்தாலும் கூரை பின்னால் சரிவதும் ஜன்னல் குறுகுவதும் எஸ்யூவி அழகுக்குக் கொடுக்கும் விலை. அல்கசாரின் கடைசி வரிசை பிள்ளைகளுக்கானது, அதில் பெரியவரை ஏற்றுவது தண்டனை.

குறுகிய ஜன்னல் அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. கடைசி சீட் பின்சக்கர அச்சுக்கு மேலோ, சற்றுப் பின்னாலோ இருக்கிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது தூக்கிப் போடுவது அங்கேதான் அதிகம், வளைவில் வால் வீசுவதும் அங்கேதான் தெரியும். வெளியே அடிவானம் தெரியாமல் போனால் வயிறு புரட்டும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் ஜவ்வாது மலைப் பாதையிலோ, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். பெரிய கண்ணாடியும் தாழ்ந்த உடலும் இந்த விஷயத்தில் மாத்திரையைவிட நல்ல மருந்து. ஏசியையும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டி அடுப்பாகக் கொதிக்கும். முன்னால் இருப்பவர் ஸ்வெட்டர் கேட்கும்போது பின்னால் இருப்பவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருப்பார். கூரையிலேயே ஏசி வாய் உள்ள வண்டியா, கடைசி வரிசைக்குத் தனி விசிறி உண்டா என்று பாருங்கள். இதில் எம்பிவி, எஸ்யூவி என்ற பாகுபாடு கிடையாது, வண்டிக்கு வண்டி மாறும்.

சாமான் கணக்கு இன்னும் கறாரானது. ஏழு சீட்டும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகா டிக்கியில் 209 லிட்டர் இடம், கேரன்ஸில் 216, ஹைகிராஸில் 300. நான்கு மீட்டருக்குள் அடங்கிய டிரைபரில் 84தான். மூன்றாவது வரிசையை அப்படியே கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் டிரைபர் 625 லிட்டருக்கு விரிகிறது, அது அந்தச் சின்ன வண்டியின் சாமர்த்தியம். ஸ்கார்பியோ-என்னில் கடைசி சீட் நிமிர்ந்திருந்தால் பின்கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே இரண்டு கைப்பைகளைச் சொருகலாம், அவ்வளவே. ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு மூட்டை மல்லாட்டை, ஒரு சிப்பம் அரிசி, பக்கத்து வீட்டுக்கு இரண்டு தேங்காய் என்று ஏற்றாமல் எந்தப் பயணமும் முடிவதில்லை. இடமில்லையென்றால் அது கூரைக் கேரியருக்குப் போகும். உயரமான வண்டியின் தலையில் இன்னும் பாரம் ஏற்றினால் வளைவில் அது எப்படிச் சாயும் என்பதை ஓட்டுகிறவர் உணர்வார். எர்டிகாவிலும் ஒரு பொறி உண்டு. மைலேஜுக்காக சிஎன்ஜி வகையை எடுத்தால் 60 லிட்டர் சிலிண்டர் டிக்கியில் குடியேறிவிடும். ஏழு பேரும் போகலாம், பெட்டி போகாது.

எஸ்யூவி வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்வது கிரவுண்ட் கிளியரன்ஸ். கம்பெனி அச்சிட்ட தாளைப் பார்த்தால் சிரிப்பு வரும். எர்டிகாவும் ஹைகிராஸும் ஸ்கார்பியோ-என்னும் 185 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் நிற்கின்றன. தாளில் வராத வித்தியாசம் ஒன்று உண்டு. ஏழு பேரும் சாமானும் ஏறியதும் எம்பிவியின் மெத்தென்ற சுருள்வில் நன்றாகவே இறங்கிவிடும், ஸ்கார்பியோ அவ்வளவு இறங்காது. நம்மூர்க் கிராமங்களில் ஊராரே போட்ட வேகத்தடைகள், குறியீடும் வெள்ளைக் கோடும் இல்லாத அந்தக் கரடுகள், இந்தக் கணக்கில் முக்கியம். நிறைபாரத்தில் எர்டிகாவின் அடிவயிறு அவற்றில் உரசும். கேட்கவே நாராசமாக இருக்கும். குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கத் தெரிந்த டிரைவர் தப்பிப்பார்.

ஆனால் எந்தச் சாலையில் எவ்வளவு தூரம் போகிறோம் என்று பார்க்க வேண்டும். இந்த ஊரிலிருந்து சென்னைக்குச் செஞ்சி, திண்டிவனம் வழி. பெங்களூருக்குச் செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழி. இரண்டும் ஒரே தேசிய நெடுஞ்சாலை 77இன் இரண்டு முனைகள். அதன் அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தபோது எஸ்யூவி வைத்திருந்தவர்கள் ஜம்பமாகப் போனதும், எர்டிகாக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு போனதும் உண்மை. திருப்பதிக்குப் போளூர், வேலூர் வழி. இவை எல்லாமே தார்ச்சாலைகள். குலதெய்வக் கோவிலுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஏரிக்கரை மண்தடம்தான் மிச்சம். வருஷத்துக்கு ஒரு தடவை போகும் அந்த இரண்டு கிலோமீட்டருக்காக மற்ற நாளெல்லாம் இரண்டு டன் இரும்பை இழுத்துக்கொண்டு திரிவதா?

மழையைச் சொல்வார்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்த வேகத்தில் அகரம்பள்ளிப்பட்டு மேம்பாலமே போய்விட்டது. அப்படிப்பட்ட தண்ணீருக்கு எந்த எஸ்யூவியும் ஈடு கொடுக்காது. உயரமான வண்டியில் இருக்கிறோம் என்ற தைரியமே ஆபத்து. தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் இழுத்து ஓடினால் ஸ்கார்பியோவும் நிற்க வேண்டும், எர்டிகாவும் நிற்க வேண்டும்.

இழுவை விஷயத்தில் எஸ்யூவி பக்கம் நியாயம் அதிகம். எர்டிகாவின் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு 103 குதிரைச்சக்தி. ஏழு பேரோடு ஏசியும் போட்டுத் திருமலை ஏறினால் இரண்டாவது கியருக்கு வந்து முனகும், மேலே போய்ச் சேர்ந்துவிடும். ஸ்கார்பியோ-என் டீசலுக்கு 175, எக்ஸ்யூவி700 பெட்ரோலுக்கு 200. கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசலுக்கு 150, ஆனாலும் கீழ் வேகத்திலேயே இழுவை வந்துவிடுவதால் மலைப்பாதையில் கியரை அதிகம் தொட வேண்டியதில்லை. டிராவல்ஸ் டிரைவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சாலையில் லாரியைத் தாண்டும்போது கையில் சக்தி மிச்சம் இருப்பது சொகுசல்ல, பாதுகாப்பு. இரண்டு வழிச் சாலைகளில் அடிக்கடி போகிறவர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

ஊருக்குள் வந்ததும் கதை மாறுகிறது. பே கோபுரத் தெரு, திருவூடல் தெரு, ஒத்தவாடைத் தெருக்கள் என்று மாட வீதியை ஒட்டிய பகுதிகளில் அகலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எர்டிகா 1,735 மி.மீ., கேரன்ஸ் 1,800, கிரிஸ்டா 1,830. ஸ்கார்பியோ-என் 1,917, சஃபாரி 1,922. எதிரே ஒரு ஆட்டோ, ஓரத்தில் ஒரு பூக்கடை, நடுவில் படுத்திருக்கும் மாடு. இந்த மூன்றுக்கும் இடையில் 18 சென்டிமீட்டர் பெரிய தொகை. பழைய வீடுகளின் கார் நிறுத்துமிடத்தை அளந்தால் இன்னும் வேடிக்கை. மாருதி 800 காலத்தில் கட்டிய போர்டிகோக்கள் அவை. அந்த வண்டியின் அகலம் 1,440 மி.மீ., நீளம் 3,335. அங்கே 4,662 மி.மீ. நீள ஸ்கார்பியோ-என்னை நுழைத்தால் கேட்டை மூட முடியாது, மூடினால் கதவைத் திறந்து இறங்க முடியாது. வண்டியை முன்பதிவு செய்யுமுன் டேப் எடுத்து அளக்கச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். வண்டி வந்த பிறகு தெருவில் நிறுத்திவிட்டு ராத்திரி எழுந்து எழுந்து பார்க்கிறார்கள்.

பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் இந்தக் கவலையெல்லாம் இல்லை, எந்த வண்டியும் ஊருக்குள் வர முடியாது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நடப்பவர்களுக்கு. செங்கம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு, வேட்டவலம் ரோடு, அவலூர்பேட்டை ரோடு என்று எல்லாத் திசையிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் ஸ்டாண்டும் கார் நிறுத்துமிடமும் போட்டுவிடுவார்கள். அறுவடை முடிந்த வயலில் கயிறு கட்டிய இடத்தில், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, கதவை முக்கால் அடிதான் திறக்க முடிகிற இடைவெளியில் ஒரு பாட்டியை இறக்க வேண்டும். தள்ளு கதவின் அருமை அந்த நேரத்தில் தெரியும். நம் பட்ஜெட்டில் தள்ளு கதவைக் கொன்றது யார் என்று கேட்டால், வாங்காமல் விட்ட நாமேதான்.

பாதுகாப்பு பற்றி எஸ்யூவி தரப்புக்கு வலுவான வாதம் இருந்தது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எக்ஸ்யூவி700உம் ஸ்கார்பியோ-என்னும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கின. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப்பில் முதல் சுற்றிலேயே சஃபாரிக்கு ஐந்து. மறுபக்கம் எர்டிகா 2024இல் குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கு ஒரே நட்சத்திரம், குழந்தைகளுக்கு இரண்டு என்று சறுக்கியது. 2025இல் அதன் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் உடல்கூட்டின் உறுதி ஏர்பேக்கால் மாறிவிடாது. எர்டிகாவை யோசிப்பவர்கள் இதை விழுங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் எம்பிவி என்றாலே பலவீனம் என்று முடிவுகட்டவும் முடியாது: ஹைகிராஸ் 2025இல் பாரத் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

நட்சத்திரங்களும் கடைசி வரிசையைப் பற்றி வாய் திறப்பதில்லை. சோதனையில் பெரியவர் பொம்மைகள் முன்னால் உட்காருகின்றன, குழந்தைப் பொம்மைகள் நடுவில். வண்டி முன்னால் மோதுகிறது, பக்கவாட்டில் மோதப்படுகிறது. பின்னாலிருந்து ஒரு பஸ் வந்து இடிக்கும் சோதனை கிடையாது. சிறிய ஏழு சீட்டர்களில் கடைசி வரிசையில் இருப்பவரின் பின்மண்டைக்கும் பின்கதவுக் கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண், இரண்டு சாண் தூரம்தான். டிக்கி ஆழமாக இருப்பது சாமானுக்கு மட்டுமல்ல, உயிருக்கும் இடம். இந்த ஒரு காரணத்துக்காகவே, குழந்தைகளைத் தூக்கிக் கடைசியில் போடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நடு வரிசையில் பெல்ட் போட்டு உட்காரவைப்பதே மேல். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் இறந்தபோது ஒரு மாதம் பேசினோம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. கடைசி வரிசையில் பெல்ட் கொக்கி சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கும், தோண்டி எடுத்து மாட்டிப் பாருங்கள்.

வரி இந்தப் போட்டியில் தனிக் கட்சி. 2023 ஜூலையில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 50ஆவது கூட்டம், எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, நீளம் 4,000 மி.மீ.க்கு மேல், எஞ்சின் 1,500 சிசிக்கு மேல், காலி வண்டியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 22 சதவீத செஸ் என்று முடிவுசெய்தது. அதோடு இன்னோவாவும் எக்ஸ்யூவி700உம் ஒரே தட்டில் வந்துவிட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ்ஸும் போய்விட்டது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்கும் வண்டிகளுக்கு 18 சதவீதம், மற்றவற்றுக்கு 40. ஏழு சீட்டர்களில் இந்தச் சிறிய வாசல் வழியாக நுழைவது டிரைபரும் பொலேரோ குடும்பமும்தான். எர்டிகா நீளத்தாலும் எஞ்சின் அளவாலும் 40க்குப் போகிறது. ஆனாலும் முன்பு செஸ்ஸோடு சேர்த்து 45 கட்டியது என்பதால் அதற்கும் லாபமே.

தமிழ்நாட்டின் ஆயுள் வரியில் இன்னொரு படிக்கட்டு இருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஒன்பதே முக்கால் லட்ச வண்டியிலிருந்து பத்தே கால் லட்ச வகைக்குத் தாவினால் வரியிலேயே 50 ஆயிரத்துக்கு மேல் கூடிவிடும். அலாய் வீலுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டு மேல் வகைக்குப் போகிறவர்கள் ஆன் ரோடு விலையைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். எர்டிகாவின் கீழ் வகைகள் பத்து லட்சத்துக்குள் நிற்கின்றன, பெரிய எஸ்யூவிகள் அப்படி நிற்பதில்லை.

எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனிக் கணக்கில் எர்டிகா பெட்ரோல் லிட்டருக்கு 20 கி.மீ. சொச்சம், ஹைகிராஸ் ஹைபிரிட் 23. சாலையில் இதற்குக் கீழேதான் வரும், ஆனால் இரண்டு டன் பெட்ரோல் எஸ்யூவிக்கு நகரத்துக்குள் பத்து வந்தாலே பெரிது. மின்சாரத்தில் ஏழு சீட்டர்கள் வந்துவிட்டன: 2025 ஜூலையில் கேரன்ஸ் கிளாவிஸ் இவி வந்தது. வீட்டில் சார்ஜர் மாட்ட இடமும், ஊருக்குள் தினசரி ஓட்டமும் உள்ளவர்கள் யோசிக்கலாம். ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் ஏழு பேரோடு போகிறவர்கள் இன்னும் இரண்டு வருஷம் பொறுக்கலாம்.

கிடைக்கிற ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது ஆறு ஏழு பேர் உண்மையிலேயே ஏறும் வீட்டுக்கு எம்பிவிதான் சரி. கையில் காசு இருந்தால் ஹைகிராஸ், நடுவில் கேரன்ஸ், டீசலும் மலையும் நீண்ட பயணமும் என்றால் கிரிஸ்டா. பழைய கிரிஸ்டா வாங்குவதானால் மட்டும் ஜாக்கிரதை: டி போர்டில் ஓடியதை ஓன் போர்டாக மாற்றி விற்பார்கள், ஆர்சி புத்தகத்தில் பழைய பதிவையும் சர்வீஸ் வரலாற்றையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எக்ஸ்யூவி700உம் சஃபாரியும் வழக்கமாக நாலு பேர் போய், எப்போதாவது இரண்டு பிள்ளைகள் கூட ஏறும் வீட்டுக்குப் பொருந்தும். நிலபுலம் உண்டு, தினமும் மண்பாதையில் போக வேண்டும் என்பவருக்கு ஸ்கார்பியோ-என் நியாயமான வண்டி. அதில் மூன்றாவது வரிசையை மடக்கிவிட்டு உர மூட்டை ஏற்றுவதே அதற்குக் கிடைக்கும் சரியான வேலை.

இன்னொரு வழியும் உண்டு, ஷோரூமில் யாரும் சொல்லமாட்டார்கள். வருஷத்தில் நாலைந்து தடவைதான் எல்லோரும் சேர்ந்து போகிறோம் என்றால் ஐந்து சீட்டர் போதும். ஏழு சீட்டருக்கு நாலு லட்சம் கூடுதலாகப் போகிறது, வட்டி ஒன்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி மட்டுமே. வாடகை இன்னோவா கிலோமீட்டருக்கு 18, 20 ரூபாய் என்றால் திருப்பதி போய்வர 400 கிலோமீட்டருக்கு எட்டாயிரம், டிரைவர் பேட்டாவும் டோலும் தனி. அந்த வட்டிப் பணத்தில் நாலு தடவை போய்வரலாம், தூங்கிக்கொண்டே வரலாம். கோவில் ஊர் என்பதால் நம்மிடம் டிராவல்ஸுக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமியும் முகூர்த்த நாளும் தவிர வண்டி கிடைக்காமல் போகாது. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

ஆடி மாதம் படவேட்டுக்கும், அமாவாசைக்கு மேல்மலையனூருக்கும் போகிறவர்களுக்கு இந்த விவாதமே பொருந்தாது. அப்போது பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அவர்கள் சம்பந்தி என்று பதினைந்து பேர், பொங்கல் வைக்கப் பானை, விறகு, ஒரு கிடா. இதற்கு 40 லட்சத்து எஸ்யூவியும் உதவாது. ஃபோர்ஸ் கம்பெனியின் டிராவலர்தான். கம்பெனி பெயர் மாறிப் பல வருஷமாகியும் ஊரெல்லாம் டெம்போ டிராவலர் என்றுதான் சொல்கிறது. பத்து நாள் முன்னாடியே சொல்லிவைத்துவிட வேண்டும். கிடாவை ஏற்றுவதானால் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, சில ஓனர்கள் சம்மதிப்பதில்லை.